ஏதென்ஸுக்கு பேக்கப் இருந்தது

நாடகம் எங்கே பிறந்தது என்று கேட்டால் இலக்கிய வட்டத்தில் பாதிப் பேர் யோசிக்காமல் ஏதென்ஸ் என்பார்கள். கூத்து என்றால் "நாட்டுப்புறக் கலை" என்று ஒரு அடைமொழி வந்து ஒட்டிக்கொள்ளும். என் சண்டை அந்த அடைமொழியோடுதான்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அங்கே டயோனிசஸுக்குத் திருவிழா, இங்கே திரௌபதி அம்மனுக்குத் திருவிழா. அங்கே முகமூடி, இங்கே அரிதாரமும் கிரீடமும். அங்கே கோரஸ், இங்கே பின்பாட்டு. பெண் வேஷம் கட்டியது இரண்டிலும் ஆண்கள்தான். ஊருக்கே தெரிந்த கதையைத்தான் இரண்டு பேரும் ஆடினார்கள். பிறப்பில் என்ன உசத்தி, என்ன தாழ்வு?

"அது இலக்கியம்ங்க, கூத்துல அப்படி என்ன பிரதி இருக்கு?" என்பார்கள். சோஃபக்ளீஸ் ஒன்றும் நாம் உட்கார்ந்து படிக்க எழுதவில்லை. விழாப் போட்டியில் ஆட எழுதினார். 120-க்கும் மேல் எழுதியதில் முழுசாகக் கிடைப்பவை 7. அந்த ஏழும் மேதைமையால் மட்டும் பிழைக்கவில்லை. கோரஸ் செலவை ஏதென்ஸ் தன் பணக்காரர்கள் தலையில் சட்டப்படி கட்டியது. கி.மு. 330 வாக்கில் லைகர்கஸ் என்ற அரசியல்வாதி, மூன்று பெரும் நாடகாசிரியர்களின் பிரதிகளை அரசே பாதுகாக்க வேண்டும், நடிகர்கள் அதை மீறக் கூடாது என்று விதி செய்தார். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பேக்கப்.

நம்மிடம் கொடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியிடம் பரிசில் வாங்கி, பசி தீர்ந்து, ஆடலும் பாடலும் மறந்துபோன கூத்தர்களைப் புறநானூறு 153-ல் வன்பரணர் காட்டுகிறார். அருமையான புகழ்ச்சிதான். ஆனால் ஓரி காப்பாற்றியது கலைஞரின் வயிற்றை. கலையைக் காப்பாற்ற ஏற்பாடு எதுவும் இல்லை. காரி ஓரியைக் கொன்றதும் அந்தக் கொடையும் முடிந்தது. நாடகத் தமிழில் பரதமும் அகத்தியமும் அழிந்தன, முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் ஆகியவற்றில் சில சூத்திரங்களே மிச்சம் என்று அடியார்க்குநல்லார் தன் காலத்திலேயே வருந்திவிட்டார்.

இன்றைக்கும் நாம் ஓரி காலத்திலேயே நிற்கிறோம். செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆடிக்கு ஆடி அரசு விழா எடுக்கிறது. நல்லது. ஆனால் ஒரு பொன்னாடையும் கொஞ்ச நேர மேடையும் கொடை மட்டுமே, ஏற்பாடு ஆகாது. நாமக்கல், சேலம் பக்கத்து ஜமா ஒன்றைக் கூப்பிட்டு, ராத்திரி முழுக்க ஆடவிட்டு, விடியும்வரை பதிவு செய்யுங்க. வாத்தியாரின் பாட்டு நோட்டைப் படியெடுத்துப் பொதுவில் வையுங்க. ஜமாவுக்கு முறையாகச் சம்பளம் கொடுங்க.

இதில் எதையும் செய்யாமல் கூத்துக்குப் பிரதி இல்லை என்று சொல்பவர்கள், அதை எழுதி வைக்காத நம் சோம்பலைத்தான் கலையின் குறையாகக் காட்டுகிறார்கள்.