பெயருக்கு நம்பர் சொல்லும் கர்ணம் யார்?

"உள்ளே போர்டு போய்விட்டது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும்." செஞ்சி வட்டாரத்தில் ஒரு கடையில் இப்படிச் சொல்லி லாப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொண்டுபோனது சீயமங்கலத்து விவசாயத் தொழிலாளி ஒருவரின் மகள். பிளஸ் டூ முடித்த பெண். கல்லூரிக்கு மனுப் போடக் கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. அந்தத் தொகையை அவள் தாய் நாற்று நட்டுச் சம்பாதிக்க எத்தனை நாள் குனிய வேண்டும் என்பது வாசகத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெண் அழுதுகொண்டே நமது வாசகசாலைக்கு வந்தாள். லாப்டாப் அவள் அண்ணனுடையது. 2011 செப்டம்பரில் ராஜ்ய சர்க்கார் தொடங்கிய இலவச லாப்டாப் திட்டத்தில், பள்ளியில் படித்தபோது அவன் வாங்கியது. இப்போது அவன் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்க்கிறான்; பெட்டி தங்கை கைக்கு வந்திருக்கிறது. அந்தத் திட்டத்தில் கொடுத்த பெட்டிகளில் விண்டோஸோடு கூட 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் என்ற மத்திய சர்க்கார் ஸ்தாபனம் தயாரித்தது அது. யூனிக்ஸ் வழியில் வந்த சாதி. காசு கிடையாது; உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம். அப்படித் திறந்து பார்த்தவர்கள் நம் பக்கத்தில் சொற்பம் என்பது வேறு விஷயம்.

நாம் பத்தாவது படித்து நின்றவர்கள். கம்ப்யூட்டர் நிபுணர் அல்ல. ஆனால் சங்க வேலைக்காக இந்தப் பெட்டியோடு சில வருஷம் மல்லுக்கட்டிய அனுபவம் உண்டு. செல்போனிலிருந்து இன்டர்நெட்டைப் பெட்டிக்கு இணைத்து, கறுப்புத் திரையைத் திறந்து, 'பிங்' என்று அடித்துப் பக்கத்தில் 8.8.8.8 என்ற நம்பரைப் போட்டோம். மறுமுனையிலிருந்து உடனே பதில் வந்தது. அடுத்து நம்பருக்குப் பதில் கல்லூரிச் சேர்க்கைத் தளத்தின் பெயரைப் போட்டோம். 'பெயரைக் கண்டுபிடிக்கத் தற்போது முடியவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

நம்பர் சொன்னால் போகிறது, பெயர் சொன்னால் போகவில்லை. அப்படியானால் போர்டு போகவில்லை, கம்பியும் போகவில்லை, பெயருக்கு நம்பர் சொல்லும் ஆளைத்தான் காணோம்! கடைக்காரர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை.

இந்த இடத்தில் விஷயத்தைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நமது கிராமத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. ஏரிக்கரை மேடு என்போம், வண்ணான் கழனி என்போம், புளியமரத்துக் கொல்லை என்போம். ஆனால் கச்சேரியில் அந்தப் பெயர் செல்லாது. அங்கே சர்வே நம்பர்தான். பெயர் எந்த நம்பர் என்று சொல்லும் ஏடு கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தது. பரம்பரை பரம்பரையாக அவர் வீட்டிலேயே இருந்தது. அதனால்தான் ஊரில் அவருக்கு அத்தனை செல்வாக்கு. ஏட்டில் அவர் எழுதியதே நிலம். அவர் மறந்துவிட்டதாகச் சொன்னால் நிலமே இல்லை. 1980 நவம்பரில் தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தார்கள். அந்த நாளைப் பற்றி நம் தகப்பனார் தலைமுறை எப்படிப் பேசும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும், ஏடு ஒருவர் கையில் இருப்பது என்றால் என்ன என்பது.

இன்டர்நெட்டிலும் இதே கதைதான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. மனிதன் நம்பரை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டான்; பெயரைத்தான் சொல்வான். நாம் பெயரை அடித்தவுடன் நமது பெட்டி முதலில் ஒரு கர்ணத்திடம் ஓடிப்போய், "இந்தப் பெயருக்கு நம்பர் என்ன?" என்று கேட்கிறது. விடை வந்த பிறகுதான் மற்றக் காரியமெல்லாம். பட்டா, சிட்டா பார்த்தாலும் இதுதான், பி.எப். கணக்குப் பார்த்தாலும் இதுதான். கண் இமைக்கும் நேரத்தில் நடப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

யாரைக் கேட்பது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் யூனிக்ஸ் சாதியைப் பாராட்ட வேண்டும். அது எதையும் ஒளித்து வைப்பதில்லை. 'ஈடிசி' என்ற அடைவுக்குள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது. 'ஹோஸ்ட்ஸ்' என்பது ஒரு கோப்பு. அது நம் வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய குறிப்பு மாதிரி: இந்த நம்பர், இந்தப் பெயர், அவ்வளவுதான். 'என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்' என்று இன்னொன்று, முதலில் சுவரைப் பார், அதில் இல்லையென்றால் வெளியே கேள் என்று வரிசை சொல்லும். மூன்றாவதுதான் முக்கியம். அதன் பெயர் 'ரிசால்வ்.கான்ஃப்'. அதில் 'நேம்செர்வர்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பரில் இருப்பவர்தான் நமது கர்ணம். மூன்று பேர் வரைக்கும் எழுதலாம். முதலாமவர் ஐந்து விநாடிக்குள் வாய் திறக்காவிட்டால் இரண்டாமவரிடம் போகும். இன்டர்நெட் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பக்கமும் முக்கி முனகித் திறக்கிறது என்று சிலர் சொல்வார்களே, முதல் வரியிலிருக்கும் செத்துப்போன கர்ணத்துக்காகப் பெட்டி ஒவ்வொரு தடவையும் காத்துக்கிடப்பதும் அதற்கு ஒரு காரணம்.

அந்தப் பெண்ணின் பெட்டியில் இந்தக் கோப்பைத் திறந்தோம். ஒரே ஒரு வரி: நேம்செர்வர் 192.168.1.1. அது ஒரு கட்டிடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் நம்பர். அண்ணன் எப்போதோ தங்கியிருந்த விடுதியில் யாரோ கையால் பதிந்து வைத்தது. விடுதியை விட்டு வந்து எத்தனையோ காலமாகியும் பெட்டி அந்த விடுதிக் கர்ணத்தையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது! செல்போன் வழியாக அவர் எப்படிக் கேட்பார்?

வரியை அழித்து வேறு நம்பர் எழுதினோம். பெயர் திறந்தது. பெண் முகத்தில் சிரிப்பு வந்தது. பெட்டியை மூடித் திறந்தவுடன் பழைய வரியே மீண்டும் வந்து உட்கார்ந்திருந்தது.

நமது தோழர்கள் பலர் இந்த இடத்தில்தான் கையை விட்டுவிடுகிறார்கள். ஆகவே இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இந்தக் காலத்து லினக்ஸில் 'நெட்வொர்க் மேனேஜர்' என்ற ஒரு காரியஸ்தர் இருக்கிறார். இணைப்பு வரும்போதெல்லாம் அந்தக் கோப்பை அவரே அழித்து அவரே எழுதுவார். கோப்பின் தலையிலேயே 'இது நெட்வொர்க் மேனேஜர் எழுதியது' என்று எழுதியும் வைக்கிறார், நாம் படிப்பதில்லை. ஏட்டில் நாம் எத்தனை முறை திருத்தினாலும், காரியஸ்தரிடம் இருக்கும் உத்தரவு மாறாதவரை பலனில்லை. இணைப்பின் அமைப்புகளைத் திறந்து, ஐபிவி4 என்ற பகுதியில், டிஎன்எஸ் என்ற கட்டத்தில் அந்தப் பழைய நம்பர் குந்தியிருந்தது. அதை எடுத்தோம். இணைப்பை அணைத்துப் போட்டோம். அன்று மாலை ஏழு மணிக்குள் மனு போய்ச் சேர்ந்தது. செலவு இரண்டு டீ.

இனி நமது அபிப்பிராயத்துக்கு வருகிறோம். பழைய நம்பரை எடுத்துவிட்டு எந்த நம்பரைப் போட்டோம்? இணைப்புக் கொடுக்கும் கம்பெனி தானாகத் தருவதையா? ஊரே போடுகிறதே, கூகுள் 2009 டிசம்பரில் திறந்த அந்த 8.8.8.8-ஐயா? 2018-ல் கிளவுட்ஃபிளேர் திறந்த 1.1.1.1-ஐயா? எல்லாம் இலவசம்தான். ஆனால் கர்ணத்திடம் நாம் கேட்கும் ஒவ்வொரு பெயரும் அவருக்குத் தெரியும். யார் எந்த மருத்துவத்தைத் தேடினான், எந்தச் சங்கத்தின் பக்கத்தைத் திறந்தான், எந்த வேலைக்கு மனுப் போட்டான் என்பதெல்லாம் கேட்கும் பெயரிலேயே இருக்கிறது. கேட்டதை வைத்துக்கொள்வதும் அழிப்பதும் அவர் இஷ்டம். அவர் கொடுக்கும் வாக்குறுதியைத்தான் நாம் நம்ப வேண்டும்.

மேலும், கர்ணம் பொய்யும் சொல்லலாம். 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி மத்திய சர்க்கார் தளங்களைத் தடுக்க உத்தரவிடுகிறது. 2009-ம் வருஷத்து விதிகள் அந்த உத்தரவை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. உத்தரவை நிறைவேற்றக் கம்பெனிகள் கையாளும் வழிகளில் ஒன்று, பெயர் கேட்டால் தப்பான நம்பர் சொல்வது. பக்கம் திறக்காதபோது பெட்டி கெட்டதா, கம்பி அறுந்ததா, உத்தரவு வந்ததா என்று சாதாரண ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? வேறொரு கர்ணத்திடம் அதே பெயரைக் கேட்டுப் பார்த்தால் ஓரளவு தெரியும். 'டிக்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. இன்னாரிடம் கேள் என்று சொல்லிக் கேட்கலாம். இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆரம்பத்தில் இந்த ஏடு ஒரே இடத்தில்தான் இருந்தது. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு வைத்திருந்தது. புதுப் பெயர் பதிய வேண்டுமானால் ஆபீஸ் நேரத்தில் டெலிபோன் செய்ய வேண்டும். பெயர்கள் பெருகியபோது ஏடு தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் ஏட்டைக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் அதற்குரியவரே எழுதிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். மறு வருஷமே பெர்க்கிலி சர்வகலாசாலை மாணவர்கள் நால்வர் யூனிக்ஸுக்காக 'பைண்ட்' என்ற புரோகிராமை எழுதினார்கள். இன்றும் அது ஓடுகிறது. முதலாளி ஒருவரின் மூளையில் லாபத்துக்காக உதித்ததல்ல இது. பொதுப் பணத்தில், மாணவர் உழைப்பில் உருவானது.

பிரித்த ஏட்டையும் வளைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. தர்ம ஸ்தாபனங்களும் தொழிற்சங்கங்களும் பெயர் வைத்துக்கொள்ளும் 'டாட் ஆர்க்' கிளையை 2019 நவம்பரில் ஈதோஸ் கேப்பிடல் என்ற முதலீட்டுக் கம்பெனிக்கு 113 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்க ஏற்பாடாயிற்று. உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் என்ற பெயர் நிர்வாக ஸ்தாபனம் விற்பனைக்குச் சம்மதம் மறுத்தது. ஜனங்கள் கத்தாமலிருந்தால் நம் சங்கப் பெயருக்கும் வாடகை ஏறியிருக்கும்.

2021 அக்டோபர் 4-ம் தேதி இரவு வாட்ஸப் நின்றது நினைவிருக்கும். ஃபேஸ்புக் கம்பெனி தன் வலையமைப்பில் செய்த தவறால் அதன் பெயர்க் கர்ணங்களே உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தார்கள். ஆறு மணி நேரம் அந்தப் பெயருக்கு விடை சொல்ல ஆளில்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று ஒரு தோழர் கேட்டார். வைக்கலாம். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழெழுத்துக் கிளைகளே இருக்கின்றன. ஆனால் உள்ளே ஏட்டில் அது ஆங்கில எழுத்துக் கோவையாக உருமாறித்தான் பதிவாகிறது. நம் சீயமங்கலத்துக் குகைக் கோயிலைக் குடைந்த மகேந்திர பல்லவன், தன் பட்டப் பெயரால் 'அவனிபாஜன பல்லவேசுவரம்' என்று கல்லில் வெட்டி வைத்தான். ஜனங்களுக்கு அது ஸ்தம்பேசுவரர் கோயில். எந்தப் பெயரைச் சொன்னாலும் போய்ச் சேரும் பாறை ஒன்றுதான். ஏட்டில் இப்படி மாற்றுப் பெயர் எழுதவும் இடம் உண்டு.

"கூலிக்குப் போராடுகிறவனுக்கு இந்த வித்தை எதற்கு?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவைச் செல்போன் செயலியில்தான் போட வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்களே, அப்போது சர்வர் கிடைக்காமல் வெயிலில் நின்றவர்கள் யார்? மண்வெட்டி பிடித்தவர்கள்தானே! கூலி எந்த வழியாக வருகிறதோ அந்த வழியைத் தெரிந்துகொள்ளாமல் கூலியை எப்படிக் கேட்பது? பெட்டி கெட்டது என்று எவன் சொன்னாலும் நம்பிப் பணத்தைக் கொடுப்பது ஏழையின் தலையெழுத்தா?

எல்லாருமே கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு சங்க ஆபீசிலும், வாசகசாலையிலும் இந்த மூன்று கோப்புகளைத் திறந்து படிக்கத் தெரிந்த இரண்டு பேர் இருக்க வேண்டும் என்கிறோம். ஒருவர் போதாது, ஒருவர் என்றால் அவரே அடுத்த கர்ணமாகிவிடுவார்.

இன்னொன்றும் செய்யலாம். வெளியே எந்தக் கம்பெனிக் கர்ணத்தையும் கேட்காமல், ஆபீசில் கிடக்கும் ஒரு பழைய பெட்டியிலேயே 'அன்பவுண்ட்' என்ற இலவசப் புரோகிராமைப் போட்டால், அது நேரே மூல ஏட்டிலிருந்து தொடங்கிக் கிளை கிளையாகத் தானே விசாரித்து விடை கொண்டுவரும். அந்தப் பெட்டியின் ரிசால்வ்.கான்ஃபில் 127.0.0.1 என்று எழுத வேண்டும். 'என்னையே கேள்' என்று பொருள். மற்றப் பெட்டிகளும் அதனிடமே கேட்கும்படி அமைக்கலாம். கேள்விகள் போகும் கம்பி இன்னமும் கம்பெனியுடையதுதான். வழியில் எட்டிப் பார்க்க நினைத்தால் அவர்களால் முடியும். ஆனாலும் நம் கேள்வி முழுவதும் ஒரே ஏட்டில் விழாது. ஒருமுறை கேட்ட பெயரை அது கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருப்பதால், மெதுவான இணைப்பில் சிறிது வேகமும் கிடைக்கும். இரண்டு மாதமாக நமது வாசகசாலையில் அப்படித்தான் ஓடுகிறது. மழை பெய்து கரண்ட் போன இரண்டு நாள் தவிர நிற்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் தன் தோழி ஒருத்தியை அழைத்துக்கொண்டு வந்தாள். தோழி கையிலும் ஒரு பழைய லாப்டாப். அதுவும் போர்டு போனதாகச் சொல்லப்பட்டது. நாம் எழுந்து போவதற்குள் அவளே கறுப்புத் திரையைத் திறந்து முதலில் நம்பருக்கும் பிறகு பெயருக்கும் பிங் அடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல நம்பருக்கே பதில் வரல, இது வேற வியாதி" என்றாள்.