தன் பாட்டைத் தானே பாடாத ஆண்டுகள்

'ப்ரௌட் மேரி' பாட்டைக் கேட்பவர்கள், அதை எழுதியவர் மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் பிறந்தவர் என்றே நினைப்பார்கள். ஜான் ஃபோகர்ட்டி வளர்ந்ததோ கலிஃபோர்னியாவின் எல் செரிட்டோவில். 1968இல் ராணுவ ரிசர்வ் பணியிலிருந்து விடுபட்ட சந்தோஷத்தில் எழுதிய பாட்டு அது. ப்ளூஸ், கன்ட்ரி, பழைய ராக் அண்ட் ரோல் மூன்றிலும் ஊறிய ரூட்ஸ் ராக் இசைக்கு அவருடைய 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' குழுவே முகமாக இருந்தது. 1969 என்ற ஒரே ஆண்டில் மூன்று ஆல்பங்கள். பாட்டும் மெட்டும் பெரும்பாலும் அவருடையவை.

உரிமை மட்டும் அவருடையதல்ல. இளம் வயதில் போட்ட கையெழுத்தால் பாடல்களின் பதிப்புரிமை ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்திடம் போயிற்று. ஒப்பந்தத்திலிருந்து வெளியேற 1980இல் தன் ராயல்டியையும் விட்டுக்கொடுத்தார். 1972இல் குழு கலைந்த பிறகு நெடுங்காலம் அந்தப் பாடல்களை அவர் மேடையில் பாடவில்லை. 1987இல் ஒரு கிளப் மேடையில் பாப் டிலன் அவரைச் சீண்டினார்: நீ பாடாவிட்டால் 'ப்ரௌட் மேரி'யை டீனா டர்னரின் பாட்டு என்றே உலகம் நினைக்கும். டீனா 1971இல் அதற்குக் கொடுத்த வேகம் அப்படி. அன்று ஃபோகர்ட்டி பாடினார். அதே ஆண்டு ஜூலை 4 அன்று வியட்நாம் போர் வீரர்களுக்காகவும் பாடினார்.

இதற்கிடையே நடந்த வழக்குதான் இந்தக் கதையின் மையம் என்பேன். 1984 இறுதியில் வந்த அவருடைய 'தி ஓல்ட் மேன் டவுன் த ரோடு' பாட்டு, 1970இல் அவரே எழுதிய 'ரன் த்ரூ த ஜங்கிள்' பாட்டின் நகல் என்று ஃபேன்டஸி வழக்குப் போட்டது. பழைய பாட்டின் உரிமை நிறுவனத்திடம் இருந்ததால், ஒருவர் தன்னையே திருடிவிட்டார் என்று சட்டப்படி குற்றம்சாட்ட முடிந்தது! 1988இல் சாட்சிக் கூண்டில் கிட்டாரை வாசித்துக் காட்டினார். ஜூரி அவர் பக்கம் நின்றது. பாட்டை விற்றவன் தன் குரலையும் விரலையும் சேர்த்து விற்றுவிடவில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் பொருள்.

வென்றாலும் வக்கீல் செலவு அவர் தலையில்தான் விழுந்தது. அப்போது அந்த நீதிமன்றங்களில், வழக்குப் போட்டவர் வென்றால் எளிதாகச் செலவுத்தொகை கிடைத்தது. எதிர்த்து நின்றவர் வென்றால், வழக்கே அற்பமானது அல்லது கெட்ட எண்ணத்தில் போடப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இருவருக்கும் ஒரே அளவுகோல்தான் என்று 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பிறகு ஃபோகர்ட்டிக்கு 13 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. பெரிய நிறுவனத்தின் வழக்கைக் கண்டு அஞ்சும் சிறிய படைப்பாளிக்கு அந்தத் தீர்ப்பு உண்மையான பாதுகாப்பு.

அவருடைய கோபம் எல்லா நேரமும் நியாயமான இடத்தில் விழவில்லை. 1993இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில், பழைய தோழர்கள் ஸ்டூ குக், டக் கிளிஃபர்டுடன் சேர்ந்து வாசிக்க மறுத்தார். அது வருத்தம் தருகிறது.

பழைய ஒப்பந்தங்களில் 56 ஆண்டுகள் கழித்தே உரிமையைத் திரும்பக் கேட்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. இருபதுகளில் எழுதியவர் எண்பது வயதுவரை காத்திருக்க வேண்டும் என்பது எந்த நியாயம்? அந்தக் கெடு நெருங்கிய வேளையில், 2023 ஜனவரியில், ஃபேன்டஸியை வாங்கியிருந்த கான்கார்ட் நிறுவனத்திடமிருந்து பாடல்களின் பெரும்பங்கு உரிமையை ஃபோகர்ட்டி வாங்கினார். மூல ஒலிப்பதிவுகள் இன்னும் நிறுவனத்திடமே. ஆகவே 2025இல், 80 வயதில், பழைய பாடல்களில் இருபதைத் தன் மகன்களுடன் புதிதாகப் பதிவுசெய்து வெளியிட்டார்.