கடலுக்கு வேலி வேண்டாம், ஒரு பலகை போதும்

கடற்கரையை மக்களிடமிருந்து பறிக்க விரும்புகிறவர்கள் கடலுக்கு வேலி போடுவதில்லை. கடலுக்குப் போகும் தெருவில் 'இங்கே வண்டி நிறுத்தக் கூடாது' என்று ஒரு பலகை நட்டால் போதும். மணல் பொதுச்சொத்தாகவே இருக்கும். சட்டமும் அப்படியே இருக்கும். போய்ச் சேரத்தான் வழி இருக்காது.

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர்கள் பல ஆண்டுகளாக இந்தப் பலகையோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காரர்களின் சண்டைதானே என்று நாம் இதைத் தள்ளிவிடக் கூடாது. பொது இடம் எப்படிப் பறிபோகிறது, எப்படி மீட்கப்படுகிறது என்பதற்கு அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

அந்த மாநிலத்தில் கரையின் மீதான மக்கள் உரிமை அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1986இல் அந்தப் பிரிவைத் திருத்தி இன்னும் தெளிவாக்கினார்கள். கரையிலிருந்து மீன் பிடிக்கலாம், கடற்பாசி எடுக்கலாம், கடலில் இறங்கி நீந்தலாம், கரையோரமாக நடந்து போகலாம். இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. ஆனால் அந்தக் 'கரை' எங்கே முடிகிறது?

1982இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அதற்குப் பதில் சொன்னது. கடற்கரையில் குப்பை பொறுக்கிச் சுத்தம் செய்தவர்கள் மீது அத்துமீறி நுழைந்ததாகப் போடப்பட்ட வழக்கு அது. அவர்கள் மீதான குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் பொதுமக்களின் எல்லை 'சராசரி உயர் ஓதக் கோடு' என்று நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. அது 18.6 ஆண்டு காலத்து உயர் ஓத அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் கோடு. மணலில் நிற்பவரின் கண்ணுக்கு அது தெரியாது. நில அளவைக்காரர் கருவியோடு வந்தால்தான் தெரியும். நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் கோடாகவும் அது இருக்கக்கூடும். உரிமையைக் கொடுத்துவிட்டு, அது எங்கே தொடங்குகிறது என்பதை மறைத்துவைத்தால் அந்த உரிமை யாருக்குப் பயன்படும்? கடலோரப் பங்களாவின் காவலாளிக்குத்தான். 2019இல் கடற்பாசி எடுக்கப் போன ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் கைது நடந்தது நடந்ததுதான். அரசியலமைப்பில் பெயர் சொல்லி எழுதப்பட்ட உரிமைக்கே இதுதான் கதி.

அதன்பிறகு தூண்டில்காரர்கள், அலைச்சறுக்கு ஆடுபவர்கள், சூழலியலாளர்கள் எல்லாரும் சட்டமன்றக் குழுவின் முன்னால் போய் நின்றார்கள். 2023இல் புதிய சட்டம் வந்தது. உயர் ஓதத்தின்போது கடல் ஒதுக்கிவிட்டுப் போகும் பாசியும் குப்பையும் ஒரு கோடாகக் கிடக்குமே, அதிலிருந்து நிலப்பக்கமாக 10 அடி வரை பொதுமக்கள் இருக்கலாம் என்கிறது அது. கண்ணால் பார்க்கக்கூடிய கோடு. உடனே சொத்துக்காரர்கள் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். அது எதிர்பார்த்ததுதான்.

சட்டத்தோடு இந்தக் கதை முடிவதில்லை. கரைக்கு இறங்கும் சந்து பொதுவழியா தனியார் நிலமா, அந்தத் தெருவில் இரவில் வண்டி நிறுத்தலாமா, உள்ளூர்க்காரருக்கு மட்டும்தான் அனுமதிச் சீட்டா என்பதையெல்லாம் முடிவுசெய்வதில் பெரும் கை நகர மன்றத்துக்குத்தான் இருக்கிறது. வார நாள் மாலையில் நடக்கும் மன்றக் கூட்டத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து கைதூக்கினால் அரசியலமைப்பு உரிமை ஒன்று காணாமல் போய்விடும். அந்தக் கூட்டத்துக்குக் கடலோர வீட்டுக்காரர்கள் தவறாமல் வருவார்கள். குப்பை, சத்தம், தெருவோரத்தில் ஒதுங்குகிறார்கள் என்று புகார் வாசிப்பார்கள். புகாருக்குப் பரிகாரமாகக் குப்பைத்தொட்டியும் கழிப்பறையும் கேட்க மாட்டார்கள். தடைப் பலகையைத்தான் கேட்பார்கள். தூய்மையின் பெயரால் ஆட்களை விலக்குவது நமக்குப் பழகிய பாஷை. அது எந்த நாட்டில் பேசப்பட்டாலும் நமக்குப் புரியும்.

அந்தக் கூட்டங்களுக்கு எதிர்த்தரப்பிலிருந்து விடாமல் வருகிறவர்களில் தூண்டில்காரர்கள் முக்கியமானவர்கள். காரணம் எளிது. மீன் அலுவலக நேரம் பார்த்துக் கரைக்கு வராது. ஓதம் நள்ளிரவில் ஏறினால் நள்ளிரவில் போக வேண்டும், விடியலில் ஏறினால் விடியலில். 'இரவு 10 மணிக்கு மேல் அனுமதியில்லை' என்ற ஒரு வரி, வெயில் காய வருகிறவரைத் தொடாது. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் தூண்டிலோடு வருகிறவரைத்தான் வெட்டும். ஆகவே கதவு மூடும் சத்தம் முதலில் கேட்பது அவர்களுக்குத்தான். பழைய நில ஆவணங்களைத் தேடி எடுத்து 'இது பொதுவழி' என்று நிரூபிப்பது, விசாரணைக்குப் போய்ச் சாட்சி சொல்வது எல்லாம் பெரிய புரட்சியாகத் தெரியாது. ஆனால் பொதுவெளி இப்படித்தான் காப்பாற்றப்படுகிறது.

இந்தப் பலகைக்குப் பின்னால் நிறவெறியின் நீண்ட வரலாறு இருக்கிறது. கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் 1912இல் வில்லா புரூஸ், சார்லஸ் புரூஸ் என்ற கறுப்பினத் தம்பதி நிலம் வாங்கிக் கறுப்பின மக்களுக்காகக் கடற்கரை விடுதி நடத்தினார்கள். அங்கே வருகிறவர்களை விரட்ட வெள்ளையர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று, '10 நிமிடம் மட்டும்' என்று வண்டி நிறுத்தப் பலகை வைத்தது. அதுவும் போதாமல் 1924இல் நகர நிர்வாகமே, பூங்கா அமைக்கப் போவதாகச் சொல்லி அந்த நிலத்தைக் கையகப்படுத்தியது. வாரிசுகள் கைக்கு அது திரும்பி வர 2022 ஆனது. அந்தப் பலகையில் 'கறுப்பர்' என்ற சொல் இல்லை. தேவைப்படவும் இல்லை.

மிசிசிப்பியின் பிலாக்சி நகரை உள்ளடக்கிய 26 மைல் நீளக் கடற்கரையை 1951இல் பொதுப் பணத்தில் மணல் கொட்டி உருவாக்கினார்கள். எதிரே வீடு வைத்திருந்த வெள்ளையர்கள் அது தங்களுடையது என்றார்கள். 1959இல் மருத்துவர் கில்பர்ட் மேசன் சில நண்பர்களோடும் குழந்தைகளோடும் அந்தக் கடலில் இறங்கினார். 1960 ஏப்ரலில் மீண்டும் இறங்கிய கறுப்பின மக்களை வெள்ளைக் கும்பல் சங்கிலியும் தடியும் கொண்டு தாக்கியது. நீதிமன்றம் அந்தக் கரையை எல்லாருக்கும் திறந்துவிட 1968 வரை ஆனது.

பொதுப் பணத்தில் உண்டான தண்ணீர், அதில் இறங்கியதற்காக அடி. இதைப் படிக்கும்போது மகத் நினைவுக்கு வராமல் இருக்குமா? பொது நிதியில் கட்டப்பட்ட குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. 1924இல் மகத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மக்கள் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தபோதுதான் அது உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பது வெளியே வந்தது. மக்கள் அடிக்கப்பட்டார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1937இல்தான் அந்த வழக்கு வெற்றியோடு முடிந்தது.

மேலே சட்டமன்றம் கொடுத்ததைக் கீழே நகராட்சி பிடுங்கிக்கொண்டது. மகத்திலும் ரோட் ஐலண்டிலும் இடுக்கு ஒன்றுதான்: உள்ளாட்சி. சாதி குடியிருப்பது அங்கேதான். நம்மில் பலர் நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் பார்த்தே கோபப்படுகிறோம். ஊர்க் கிணறும் சுடுகாட்டுப் பாதையும் பேருந்து நிறுத்தமும் அங்கே முடிவாவதில்லை.

தூண்டில்காரர்களைக் கேள்வி கேட்காமலும் விட முடியாது. நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட் ஹாம்ப்டனில் ஒரு கடற்கரை விற்கப்பட்ட 1882ஆம் ஆண்டுப் பத்திரம், படகையும் வலையையும் கரையேற்ற ஊர்வாசிகளுக்கு உரிமை உண்டு என்கிறது. அங்கே வண்டி ஓட்டிப்போய்க் கரையில் நிறுத்துவது வழக்கமாக இருந்தது. 2021இல் நீதிமன்றம் அந்த மணல் வீட்டுக்காரர்களுக்குச் சொந்தம் என்று தீர்ப்பளித்ததும், மீனவர்கள் வண்டிகளோடு அணிவகுத்துப் போய்த் தடையை மீறினார்கள். துணிச்சலான போராட்டம்தான். ஆனால் அந்தப் பத்திரம் காப்பாற்றுவது ஊர்வாசிகளின் உரிமையை. வெளியூர்க்காரர், வண்டி இல்லாதவர், நேற்று வந்த குடியேறி ஆகியோருக்கு அதில் என்ன இடம்? பரம்பரை உரிமை என்று பேசத் தொடங்கினால், அந்தக் கரைகளிலிருந்து விரட்டப்பட்ட பூர்வகுடிகளிடமிருந்தல்லவா தொடங்க வேண்டும்? 'எங்களுக்கு ஒரு அனுமதிச் சீட்டு கொடுங்கள்' என்பதோடு நின்றுவிடும் போராட்டம் வேலியை உடைப்பதில்லை. வேலியைச் சில அடி தள்ளி நடுகிறது, அவ்வளவுதான்.

'பொது' என்ற சொல் ஆளைப் பொறுத்துத் திரும்பும் என்பதற்குச் சென்னையே சாட்சி. அமெரிக்காவில் மீன் பிடிப்பவர் பணக்காரனை எதிர்த்து அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். இங்கே அதே சொல்லை வைத்து மீனவரையே விரட்டுகிறார்கள். 1985இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றினார்கள். எதிர்த்த மீனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலையில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மீன் கடைகளை அப்புறப்படுத்தினார்கள். குப்பத்து மக்கள் சாலையை மறித்தார்கள். கார் ஓட்டிப் போகிறவர் பொதுமக்கள், தலைமுறை தலைமுறையாக அந்த மணலில் மீன் விற்ற பெண் ஆக்கிரமிப்பாளர். இந்தக் கணக்கை எழுதியது யார்?

கடலோர ஊர்களுக்குள்ளும் இதே கேள்வி உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதி நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். கடல் எல்லாரையும் சேர்த்துத்தான் அடித்தது. கரைதான் சாதி பார்த்தது. மீனவரின் கரை உரிமைக்காக நாம் உறுதியாக நிற்க வேண்டும். அந்த உரிமையில் கருவாடு காயவைக்கும் தலித் பெண்ணுக்கும் பங்கு உண்டா என்று அதே மூச்சில் கேட்கவும் வேண்டும். கடைசி ஆளும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடம்தான் பொது இடம்.

செய்ய வேண்டிய வேலை பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நகர்ப்புறத்தில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022இல் விதிகள் வந்துவிட்டன. மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொது இடங்களையும் கடலோர வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது 2011ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. உங்கள் ஊரில் கடலுக்கோ ஏரிக்கோ சுடுகாட்டுக்கோ போகும் பாதை எது, அது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, எந்த கேட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். பலகை நட விரும்புகிறவர்கள் அந்தக் கூட்டத்துக்கு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.