படகுக்கு மோட்டார் வாங்கும் முன் பற்றரியைக் கணக்கிடுங்கள்

2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்ந்ததை மீன்பிடித் தொழிலோடு தொடர்புடைய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அடிக்குப் பிறகு, பற்றரியில் இயங்கும் ட்ரோலிங் மோட்டார் பற்றி ஒருவர் யோசிப்பது நியாயமே. ஆனால் மோட்டாரின் விலையை மட்டும் பார்த்து வாங்குபவர் நட்டப்படுவார் என்பதே எனது அபிப்பிராயம்.

முதலில், இது எங்கே பயன்படும்? புத்தளம் களப்பு, மட்டக்களப்பு வாவி போன்ற அமைதியான நீர்நிலைகளில் மெதுவாகச் செல்லவே இது பொருத்தம். எவ்வளவு பெரியதை வாங்கினாலும், வேகமாக நடக்கும் மனிதனை விடச் சற்றுக் கூடுதலான வேகமே கிடைக்கும். ஆழ்கடலுக்கு இதை மட்டும் நம்பிச் செல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

அடுத்தது பலம். இம்மோட்டார்களின் உந்துவிசை இறாத்தலில் குறிக்கப்படும். ஆட்கள், வலை, பற்றரி எல்லாம் சேர்ந்த மொத்த எடையில் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் குறைந்தது 2 இறாத்தல் தேவை என்பது பொதுவான கணக்கு. மொத்தம் 500 கிலோ என்றால் 22 இறாத்தல். காற்றும் நீரோட்டமும் உள்ள இடத்தில் அதைப்போல் இரு மடங்கு வைத்துக்கொள்வதே புத்தி.

உண்மையான செலவு பற்றரியில்தான் இருக்கிறது. 12 வோல்ட், 55 இறாத்தல் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் பயமின்றிப் பாவிக்கலாம். ஆகவே ஒரு மணித்தியாலம் ஓடுவதே கஷ்டம். லொறி ஸ்டார்ட் செய்யும் பற்றரியைப் பூட்டினால் அது சீக்கிரமே பழுதாகும். ஆழமாக இறங்கி மீண்டும் சார்ஜ் ஏறக்கூடிய வகையையே கேட்டு வாங்க வேண்டும். லிதியம் பற்றரியின் விலை அதிகம். ஆனால் எடை பாதிக்கும் குறைவு, பாவிக்கக்கூடிய மின்சாரமும் அதிகம். இரண்டையும் எத்தனை வருடம் உழைக்கும் என்று வகுத்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

உப்பு நீர் இன்னொரு எதிரி. நன்னீருக்கென்று செய்த மோட்டாரைக் களப்பில் இறக்கினால் அரிப்பு விரைவில் தொடங்கும். உத்தரவாதப் பத்திரத்தில் உப்பு நீர்ப் பாவனை சேர்க்கப்பட்டுள்ளதா என்று வாசியுங்கள். சுழலி நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஓர் அடி கீழே நிற்குமளவுக்குத் தண்டின் நீளமும் இருக்க வேண்டும்.

இதை விற்கும் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. எந்த நீரில், எவ்வளவு எடையோடு, எத்தனை மணித்தியாலம் ஓட்டப் போகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் மோட்டாரைக் கையில் கொடுக்காதீர்கள். நடுக் களப்பில் பற்றரி இறங்கித் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தவர் உங்கள் கடைப் படியை மறுபடி மிதிக்க மாட்டார். கணக்குச் சொல்லி விற்றால், இன்று ஒரு மோட்டார் குறைவாக விற்கலாம். ஆனால் அடுத்த பற்றரியை வாங்கவும் அவர் உங்களிடமே வருவார்.