வேட்டைக்குப் பணம் கட்டலாமா?

தீர்த்தமலைப் பக்கத்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மரவள்ளிக்கிழங்கு வியாபாரத்தில் பொருள் சேர்த்தவர்; பிள்ளைகளைப் படிக்கவைத்து, பெண்ணுக்கும் விவாகம் முடித்துவிட்டார். இளமை முதல் அவருக்கு ஓர் ஆசை. பெரிய மிருகம் ஒன்றைத் தம் கையால் சுட வேண்டும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு இந்தியாவில் அதற்கு இடமில்லை. ஆகையால் ஆப்பிரிக்காவில் பத்து நாள் வேட்டைக்கு ஏற்பாடு செய்து தரும் கம்பெனி ஒன்றுக்கு முன்பணம் கட்டலாமா என்று நம்மிடம் யோசனை கேட்கிறார். போகிற தேசத்தில் சட்டவிரோதமில்லை, சொந்தச் சம்பாத்தியம், எவரிடத்தும் கடனில்லை. பின் நம்மைக் கேட்பானேன்? உள்ளே ஏதோ உறுத்துகிறது என்றே ஊகிக்கிறோம்.

அவருடைய ஆசையை நாம் பரிகசிக்கப் போவதில்லை. பழைய சேலம் ஜில்லாக் காட்டோரத்தில் பிறந்தவனுக்கு வேட்டைக் கதை தாலாட்டோடு வருவது. இராமபிரான் அம்பெய்து மலையில் தீர்த்தம் வரவழைத்ததாகத் தலபுராணம் கூறும் ஊரில் வளர்ந்தவருக்கு வில்லும் குறியும் புதிதல்ல. பெண்ணாகரம், ஜவளகிரி முதலிய நம் ஊர்ப் பெயர்களை உலகறியச் செய்தவர் பெங்களூர் கென்னத் ஆண்டர்சன். அவருடைய முதல் வேட்டை நூல் 1954-இல் வெளிவந்தது. ரசமான எழுத்து, நாமும் விழித்திருந்து படித்ததுண்டு. ஆனால் கவனித்துப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். காட்டின் பாஷையை ஆண்டர்சனுக்குக் கற்பித்தவர்களில் பெண்ணாகரம் பக்கத்துப் பூசாரி இனத்தவனான பைரா முக்கியமானவன். ஆண்டர்சன் இதை மறைக்கவில்லை, நன்றியுடனேயே எழுதுகிறார். மற்றத் துரைமார் எத்தனை பைராக்களின் பெயரை எழுதாமலே விட்டார்களோ!

துப்பாக்கி யார் கையில் இருந்தது, ஏன் இருந்தது என்பதை நம்மவர் மறக்கலாகாது. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்கீழ் இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது, ஐரோப்பியருக்கோ விலக்கு. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. அன்றுவரை விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தன்னுடையதென்று எண்ணியிருந்த காட்டில் குடியானவன் குற்றவாளியானான். அந்தக் காட்டிலேயே துரைக்கு வேட்டை விளையாட்டு. குடியானவன் தம்பட்டம் அடித்து மிருகத்தைக் கலைக்கும் கூலியாள். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பரிவாரம் நேபாளத்தில் சுட்டு வீழ்த்திய புலிகள் 39. நம் சுதேச மன்னர்களும் சளைத்தவர்களல்லர். மத்திய இந்தியாவிலுள்ள கோரியா சமஸ்தானத்து மன்னர் 1947-இல் மூன்று சிவிங்கிகளைச் சுட்டார்; இத்தேசத்தின் கடைசிச் சிவிங்கிகள் அவையே என்று கருதப்படுகிறது. 2022-இல் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளை விமானத்தில் ஏற்றிக் குனோ காட்டுக்குக் கொண்டுவந்தோம். நம் அன்பர் சுடுவதற்குப் போக நினைக்கும் தேசங்களில் அந்த நமீபியாவும் ஒன்று.

வீரத்திற்கு நம் சீமையில் வேறு அளவுகோல் ஒன்று இருந்தது. தர்மபுரி வட்டாரத்தில் நடுகற்கள் அநேகம். பலவற்றைத் தர்மபுரி அரசு அருங்காட்சியகத்திலே காணலாம். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் உண்டு. பட்டியில் புகுந்த புலியோடு பொருது மாண்டவனுக்கும் தமிழ்நாட்டில் கல் உண்டு. ஊர் அவனுக்குக் கல் எடுத்தது. அவன் ஊருக்குக் கட்டணம் செலுத்தவில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். வேட்டைக்காரன் தரும் பணமே காட்டைக் காக்கிறது என்கிறார்கள். இது முழுப் பொய்யன்று. நமீபியாவில் 1996-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி கிராமத்தாரே சங்கம் அமைத்துத் தங்கள் நிலத்து வனவிலங்குகளால் வருமானம் பெறுகிறார்கள். வேட்டைப் பணமும் அதில் ஒரு பங்கு. போட்ஸ்வானா 2014-இல் வேட்டையைத் தடுத்து, 2019-இல் மீண்டும் அனுமதித்தது. வெளிநாட்டார் இதற்காக உபதேசம் செய்தபோது, இருபதினாயிரம் யானைகளை அனுப்பிவைக்கிறோம், நீங்களே அவற்றோடு வாழ்ந்து பாருங்கள் என்று 2024-இல் அந்நாட்டு ஜனாதிபதி ஜெர்மனிக்குச் சொன்னார். அந்நிய உபதேசத்தால் நொந்த நமக்கு அந்தக் கோபம் நன்றாகப் புரிகிறது. தங்கள் காட்டில் எதை விற்பது என்பது அவர்கள் உரிமை. அதை நாம் வாங்கலாமா என்பதே இங்கு விஷயம்.

வாங்குவது எதை? அடிச்சுவடு பார்ப்பவன் ஒருவன்; வண்டி ஓட்டுபவன் ஒருவன்; குறி தப்பினால் காப்பாற்றத் துப்பாக்கியோடு பக்கத்தில் நிற்பவன் ஒருவன். பணம் கட்டியவருக்கு மிஞ்சுவது விரலை அழுத்தும் ஒரு கணமும், பிறகு எடுக்கும் படமுமே. 2015-இல் ஜிம்பாப்வேயில் சிசில் என்னும் சிங்கத்தை வேட்டையாட அமெரிக்கப் பல் வைத்தியர் ஒருவர் சுமார் 50,000 டாலர் கொடுத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. சரணாலய எல்லைக்கு வெளியே இரை வைத்து அதை வரவழைத்தார்கள். முதல் அம்பில் சாகாமல் பல மணி நேரம் காயத்தோடு கிடந்தது. தென்னாப்பிரிக்காவில் வேலிக்குள் வளர்த்த சிங்கத்தையே சுடக் கொடுக்கும் பண்ணைகள் ஏற்பட்டன. அந்த வழக்கத்தை ஒழிப்பதாக அந்நாட்டுச் சர்க்கார் 2021-இல் அறிவிக்க வேண்டியதாயிற்று. இதற்குத்தானா நம் அன்பர் இத்தனை வருஷம் காத்திருந்தார்?

வேட்டைப் பணமின்றிக் காடு பிழையாது என்பதற்கு நம் தேசமே மறுப்பு. சுதந்திரத்திற்குப் பின்னும் டாலருக்காக அந்நியருக்குப் புலி வேட்டை நடத்திய கம்பெனிகள் இங்கிருந்தன. 1970-இல் அது தடுக்கப்பட்டது. 1972-இல் எண்ணியபோது புலிகள் 1,827. 2022-இன் கணக்கு 3,682. எண்ணும் முறை மாறியிருக்கிறது. எனினும் புலி பிழைத்ததில் ஐயமில்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் நகரத்தாரல்லர்; காட்டை விட்டு வெளியேறிய மலைவாசியும், பயிரைப் பறிகொடுத்த உழவனுமே. நம் ஜில்லாவில் மாரண்டஹள்ளிப் பக்கம் 2023 மார்ச்சில், நிலத்தில் சட்டவிரோதமாய்ப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. காப்புக்காட்டிற்கு மூன்று கிலோமீட்டர் அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையார் சுடலாமென்று 2025 ஜனவரியில் சென்னைச் சர்க்கார் அறிவித்தது. அதற்கு இப்பால் நிலமுள்ளவன் இரவெல்லாம் பரணில் கண்விழிக்கிறான். காட்டுக்காகச் செலவிடும் கை நம் அன்பருடையதானால், அந்தப் பரணிலிருந்து தொடங்கலாமே! பத்து உழவர்களின் நிலத்துக்கு ஒழுங்கான வேலி போட அவர் வேட்டைச் செலவில் ஒரு பகுதியே போதும்.

முன்பணம் கட்டியிராவிட்டால் கட்ட வேண்டாம் என்பதே நம் யோசனை. பெரிய மிருகத்தை எதிரில் காணும் ஆசை விடவில்லையென்றால் கெனியாவுக்குப் போகட்டும். அங்கே 1977 முதல் வேட்டை கிடையாது, சிங்கமும் யானையும் உண்டு, செலவும் குறையும். காமிரா எடுத்துச் செல்லட்டும். அங்கே தமக்கு அடிச்சுவடு காட்டுபவரின் பெயரைக் கேட்டறிந்து, படத்தோடு அதையும் எழுதியனுப்பினால் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.