பெடலை விட்டாலும் பிடியை விடாதீங்க!

சர்க்கஸில் பார்க்கும் ஒற்றைச் சக்கர சைக்கிளில் சக்கரம் சுழன்றால் பெடலும் கூடவே சுழலும். மிதிக்காமல் ஓட்ட வேண்டுமா? இரு பாதங்களையும் பெடலிலிருந்து எடுத்து, டயருக்கு மேலே ஃப்ரேமின் தோளில் வைக்க வேண்டும். இதுதான் ‘கோஸ்டிங்’.

பாதம் வழுக்கி டயரில் அழுந்தினால் சக்கரம் சட்டென நிற்கும். ஆள் முன்னால் விழுவார். அதனால் ஃப்ரேமின் தோளில், ஸ்கேட்போர்டுக்கு ஒட்டும் உப்புத்தாள் மாதிரியான கிரிப் டேப்பை ஒட்டுங்கள். தட்டையான ரப்பர் அடி ஷூ நல்லது. சாரல் சீசனில் கீழப்பாவூர், தென்காசி பக்கம் இருப்பவர்கள் ஈர ஷூவோடு ஏறவே வேண்டாம்.

முதலில் ஒற்றைக் காலால் மிதித்துப் பழகுங்கள். அடுத்து, ஒரு பாதத்தால் டயரை லேசாக உரசி வேகத்தைக் கட்டுப்படுத்தும் ‘கிளைடிங்’. கோஸ்டிங் கடைசியில்தான், அதில் பிரேக்காக உதவக் கால்கூட இருக்காது. எடை சீட்டில், கைகள் விரிந்து, பார்வை தூரத்தில் இருக்கட்டும். ஹெல்மெட் கட்டாயம்!