எங்கள் ரத்தம், எங்களுக்குக் கணக்கு வேண்டும்: பி.ஆர்.பி. சிகிச்சை பெறுவோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், தமிழ்நாடு மருத்துவ மன்றத்துக்கும், பி.ஆர்.பி. ஊசி போடும் மருத்துவமனைகளுக்கும், நோயாளிகளாகிய நாங்கள் முன்வைப்பது:

டெங்கு வந்தால் ‘தட்டணு எவ்வளவு?’ என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தத் தட்டணுவை நம் ரத்தத்திலிருந்தே செறிவாகப் பிரித்து, தேய்ந்த முழங்காலிலும், முடி கொட்டும் தலையிலும், ஆறாத சர்க்கரைப் புண்ணிலும் செலுத்துவதே பி.ஆர்.பி., அதாவது தட்டணு செறிந்த பிளாஸ்மா.

கையிலிருந்து 15, 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாதிருக்க சிட்ரேட் உள்ள குழாயில் விட்டுச் சுழற்றுகிறார்கள். சிவப்பணு அடியில் தங்கும். அதன்மேல் வெள்ளையணு மெல்லிய படலமாக நிற்கும். மேலே வைக்கோல் நிறத்தில், தட்டணு மிதக்கும் பிளாஸ்மா தெளியும். முதல் சுற்றிலேயே வேகம் மிஞ்சினால் தட்டணுவும் சிவப்பணுவோடு அடியில் போய்விடும். மேலே மிஞ்சுவது வெறும் பிளாஸ்மா. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வாங்கும் கட்டணத்திலும் தெரியாது.

‘சொந்த ரத்தம்தானே, என்ன ஆகிவிடும்?’ என்கிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத அழகு நிலையம் ஒன்றில் இந்த முறையில் முகப்பொலிவு செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் வெளியிட்டது. பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் அங்கே உணவோடு உணவாகக் குளிர்பெட்டியில் இருந்தன.

ஆகவே கோருகிறோம்:

1. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற இடத்தில், தகுதி பெற்ற மருத்துவர் மட்டுமே பி.ஆர்.பி. செலுத்த வேண்டும். அழகு நிலையங்களில் அடியோடு தடுக்க வேண்டும்.

2. ரத்தம் எடுத்த கையோடு, நோயாளியின் கண்முன்னே குழாயில் பெயர் ஒட்ட வேண்டும். ஊசியும் குழாயும் ஒருவருக்கு ஒருமுறைதான்.

3. ஊசி போட்ட அன்றே சீட்டு தர வேண்டும். எடுத்த ரத்தம், சுழற்றிய வேகம், நேரம், செலுத்திய அளவு, பிரிக்கும் முன்னும் பின்னும் தட்டணு எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். இயல்பான ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் தட்டணு உண்டு, பி.ஆர்.பி.யில் அது பல மடங்கு கூடியிருக்க வேண்டும். எண்ணிப் பார்க்காமல் அந்தப் பெயரை வைக்கக் கூடாது.

4. தட்டணுக் குறைவு, ரத்த உறைவுக் கோளாறு, நோய்த்தொற்று, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

5. பலன் பற்றிய உண்மையைத் தமிழில் எழுதித் தந்து ஒப்புதல் பெற வேண்டும். முழங்கால் தேய்மானத்துக்கு ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் உப்புநீர் ஊசிக்கும் பி.ஆர்.பி.க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வலி குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உள்ளன. இரண்டையும் சொல்லுங்கள். ‘உறுதியான பலன்’ என்ற விளம்பரத்துக்குத் தண்டம் விதியுங்கள்.

6. குழந்தையின்மைக்குக் கருப்பை உட்சுவரில் செலுத்துவது போன்ற, இன்னும் ஆய்வில் உள்ள பயன்பாடுகளை நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, கட்டணமின்றி மட்டுமே செய்ய வேண்டும்.

7. கால் இழக்கும் அச்சத்தில் இருக்கும் சர்க்கரைப் புண் நோயாளிகளில் யாருக்கு இது உதவும் என மருத்துவர் கருதுகிறாரோ, அவருக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

அரசு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊசிக்கு உட்காரும் முன் ஒவ்வொருவரும் மூன்று கேள்வி கேளுங்கள்: குழாயில் என் பெயர் இருக்கிறதா? தட்டணு எத்தனை? சீட்டு தருவீர்களா? பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.